போதையனார் கர்ணமும் பேங்க் வாசல் சாய்தளமும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மாணவர் பக்கத்துல முக்கோணம் பத்தி பத்து வாக்கியம் போட்டு "சரியா தவறா"ன்னு கேட்டிருந்தீங்க. நான் வீட்டுல எட்டாவது ஒன்பதாவது பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறவ, அந்தப் பக்கத்தை வெட்டி வச்சு அன்னைக்கு சாயங்காலமே பசங்ககிட்ட குடுத்துட்டேன். ஒன்பது வாக்கியம் சரியா இருந்துச்சு. ஏழாவதுதான் வம்பு. "போதையனார் முறைப்படி எந்த செங்கோண முக்கோணத்துக்கும் வர்க்கமூலம் போடாமலே கர்ணம் கண்டுபிடிக்கலாம்", விடை: சரின்னு அச்சாகியிருக்கு. அது தவறுங்க ஐயா.

போதையனார்ங்கிற பழந்தமிழ்ப் புலவர் சொன்னதுன்னு வாட்ஸப்புல வருஷக்கணக்கா சுத்துற சமாச்சாரம்தான், உங்களுக்கும் வந்திருக்கும். செங்கோணத்தை ஒட்டின ரெண்டு பக்கத்துல நீளமானதை எட்டு கூறு போட்டு ஒரு கூறைத் தள்ளிடணும், மிச்சத்தோட குட்டைப் பக்கத்துல பாதியைச் சேர்த்தா கர்ணம் வந்துரும்னு பாட்டா இருக்கும், கீழ ரெண்டு உதாரணம் இருக்கும். 4-ம் 3-ம்னா மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5, கரெக்ட். 12-ம் 5-ம்னா பத்தரையும் ரெண்டரையும் சேர்ந்து 13, அதுவும் கரெக்ட். அப்புறம் பித்தாகரஸுக்கு முன்னாடியே நம்ம ஆளு கண்டுபிடிச்சாச்சு, ஷேர் பண்ணுங்கன்னு முடியும். நானும் ஒரு காலத்துல ஷேர் பண்ணவதான், பொய் சொல்லல.

என்கிட்ட வர்ற ஒன்பதாவது பையன் ஒருத்தன், எதையும் லேசுல ஒத்துக்க மாட்டான், அவன்தான் ஆரம்பிச்சான். எங்க தெருமுனை பேங்க் வாசல்ல சக்கர நாற்காலி ஏறுறதுக்கு சாய்தளம் இருக்கு, ஒரு அடி உயரத்துக்கு பன்னெண்டு அடி நீளம் விடணும்னு ஒரு கணக்கு இருக்குல்ல, அந்த மாதிரி கட்டினது. "மிஸ் அதுக்குப் போடுங்க"ன்னான். போட்டேன். 12-ஐ எட்டா பிரிச்சு ஒண்ணைத் தள்ளினா பத்தரை, 1-ல பாதி அரை, மொத்தம் 11. அதாவது தரையில 12 அடி போகுது, சரிவா ஏறுறது 11 அடிதானாம்! செங்கோண முக்கோணத்துல கர்ணம்தான் பெரிய பக்கம்னு உங்க பக்கத்துலயே மூணாவது வாக்கியமா போட்டு "சரி"ன்னு குடுத்திருக்கீங்க, அப்போ மூணாவதும் ஏழாவதும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுதே, இதை யாரும் பாக்கலையா. உண்மையான அளவு 12.04 அடி சொச்சம்.

அதோட விடல. எங்க ஹால்ல போட்டிருக்கிறது 60 சென்டிமீட்டர் டைல்ஸ், கடைக்காரங்க ரெண்டுக்கு ரெண்டுன்னு சொல்லி விப்பாங்களே அது. பாட்டுப்படி மூலைக்கு மூலை 52.5-ம் 30-ம் சேர்ந்து 82.5 வரணும். டேப்பை வச்சா 85-க்கு ஒரு நூல் கம்மியா நிக்குது. டேப்பு தப்போன்னு இன்னொரு பொண்ணு அவ தையல் டேப்பை வச்சுப் பாத்தா, அதே. ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல இடிக்குது ஐயா, ஒரு டைல்ஸுக்கே.

சரி, அப்போ 3-4க்கும் 5-12க்கும் மட்டும் எப்படி அச்சு அசலா வருது? இங்கதான் விஷயமே இருக்கு. ரெண்டு பக்கத்துக்கும் a, b போட்டு, பாட்டு சொல்ற கர்ணமும் பித்தாகரஸ் கர்ணமும் சமம்னு எழுதி வர்க்கப்படுத்துங்க, ஒரு இருபடிச் சமன்பாடு வரும், அதுக்கு தீர்வு ரெண்டே ரெண்டு. குட்டைப் பக்கம் நெட்டைப் பக்கத்துல 3/4 இருக்கணும், இல்லைன்னா 5/12 இருக்கணும். அவ்ளோதான். 6-8, 9-12, 10-24 எல்லாம் சரியா வர்றதும் இதனாலதான், அதெல்லாம் அதே வடிவம் பெருசாக்கினது. வேற எந்த செங்கோண முக்கோணத்துக்கும் துல்லியமா வராது. 8-15க்கு 17 வரணும், 17.125 வருது. 7-24க்கு 25 வரணும், 24.5 வருது. ஃபார்வர்டுல எப்பவும் அந்த ரெண்டு உதாரணத்தை மட்டுமே போடுறாங்களே, ஏன்னு இப்பத்தான் எனக்கே புரிஞ்சுது.

மோசமான கணக்குன்னு நான் சொல்ல வரல. அந்த ரெண்டு வடிவத்துக்கு நடுவுல இருக்கிற முக்கோணத்துக்கெல்லாம் ஒரு சதவீதம் கூட தப்பாது, குத்துமதிப்பா பாக்கிறதுக்கு ஜோரா இருக்கும். "எந்த"ங்கிற ஒரு வார்த்தைதான் கெடுத்துச்சு. அஸ்திவாரம் போடும்போது கொத்தனார் 3 அடி ஒரு பக்கம், 4 அடி ஒரு பக்கம் ஆணி அடிச்சு, குறுக்கே 5 வந்தா மூலைமட்டம் சரின்னுவார், அவர் எந்த முக்கோணத்துக்கும்னு சொல்லலையே, அவருக்குத் தேவையான ஒண்ணை எடுத்துக்கிட்டார், அது நூத்துக்கு நூறு சரி.

பெருமை வேணும்னா இதைப் போடுங்க. போதாயனர்னு ஒருத்தர் சமஸ்கிருதத்துல சுல்ப சூத்திரம் எழுதியிருக்கார், அதுல செவ்வகத்தோட குறுக்குக்கோட்டு மேல வர்ற சதுரம், ரெண்டு பக்கத்துச் சதுரமும் சேர்ந்த அளவுன்னு இருக்கு, அது எந்த செவ்வகத்துக்கும் உண்மை. அதே நூல்ல சதுரத்தோட குறுக்குக்கோட்டுக்கு 577/408னு ஒரு மதிப்பும் வருது. அதை எங்க டைல்ஸுக்குப் போட்டா 84.85, டேப்பு காட்டினதேதான்.

அந்த பையன் கதையை முடிச்சிடுறேன். 7/8-ம் 1/2-ம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டான். நெட்டைப் பக்கத்துல p பங்கு, குட்டைப் பக்கத்துல q பங்கு எடுக்கிறதா வச்சா 4p+3q=5, 12p+5q=13, இந்த ரெண்டையும் தீர்த்தா அதே ரெண்டு எண்தான் வருது, ஒன்பதாவது பாடத்துலயே இருக்கிற கணக்கு. உடனே அவன் 5-12-13ஐ எடுத்துட்டு 8-15-17ஐ போட்டு சொந்தமா ஒரு விதி பண்ணிட்டான், நெட்டைப் பக்கத்துல 11/13, குட்டைப் பக்கத்துல 7/13. 3-4க்கு 5 வருது, 8-15க்கு 17 வருது. 5-12க்கு மட்டும் 13 வரல.

அடுத்த ஞாயிறு ஏழாவது வாக்கியத்துக்கு திருத்தம் ஒண்ணு போட்டுருங்க. பையன் அவன் விதிக்கு அவன் பேர்ல ஒரு வெண்பா எழுதித் தரச் சொல்லி நச்சரிச்சுக்கிட்டிருக்கான், நான் இன்னும் எழுதித் தரல.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் மிஸ், திருச்சி