பூட்லோடர் மிச்சத்துக்கு லெப்டொப்பை ஃபோமட் அடிக்கத் தேவையில்ல

ஆசிரியர் ஐயாவுக்கு,

விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து எங்கட மட்டக்களப்புப் பக்கம் கனபேர் பழைய லெப்டொப்புல விண்டோஸை வெச்சிக்கிட்டே உபுண்டு, மின்ட் என்டு லினக்ஸையும் போட்டுப் பாக்குறாங்க. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ட பாதுகாப்புச் சிப்பைக் கேக்குது, பழைய மெசினுகள்ல அது இல்ல, வேற என்ன செய்யிற? ஆனா கொஞ்ச நாளையில ஏதோ ஒரு சொஃப்ட்வெயார் ஓடல்ல என்டு திரும்பவும் விண்டோஸுக்கே வந்திருறாங்க, அங்கதான் கரைச்சல்.

விண்டோஸுட டிஸ்க் மெனேஜ்மென்ட்டுக்குள்ள போய் லினக்ஸ் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்குல லினக்ஸுக்குப் பிரிச்ச துண்டை அழிச்சிட்டு, இடம் கிடைச்சிட்டு என்டு சந்தோசமா ரீஸ்டார்ட் பண்ணினா கறுப்புத் திரையில வெள்ளை எழுத்துல ‘க்ரப்’ என்டு மட்டும் வந்து நிக்கும். அதுதான் லினக்ஸுட பூட்லோடர், மெசினை ஒன் பண்ணின உடன லினக்ஸையோ விண்டோஸையோ கூப்பிடுற சின்னப் புரோகிராம். வந்தாறுமூலை கம்பஸுல படிக்கிற எங்கட சொந்தக்காரப் புள்ளைக்கும் இதுதான் நடந்த. ஹார்ட் டிஸ்க் செத்துட்டு என்டு பயந்து டவுனுல ஒரு கடைக்குக் கொண்டு போக, விண்டோஸ் கரப்ட், முழுசா ஃபோமட் அடிக்கணும், உள்ளுக்க இருக்கிறதுக்குப் பொறுப்பில்ல என்டு சொல்லியிருக்காங்க. கடைசி வருச புரொஜெக்ட் எல்லாம் அதுக்குள்ளதான். நல்ல காலம் குடுக்காம வீட்ட கொண்டு வந்திட்டா. ஒன் பண்ணின உடன எஃப்12 அமத்தி, வந்த பட்டியல்ல விண்டோஸ் பூட் மெனேஜரைத் தெரிவு செய்ய விண்டோஸ் சும்மா சுகமா வந்திட்டு. டெல், லெனோவாவுக்கு எஃப்12, எச்பிக்கு எஃப்9, ஏசுஸுக்கு எஸ்கேப்.

விசயம் இதுதான். பூட்லோடர் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்ள இருக்கிறல்ல. ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்டு 100 எம்பி அளவுல ஒரு சின்னத் துண்டு டிஸ்க்குல ஒளிஞ்சி கிடக்கு, அதுக்குள்ள மைக்ரோசொஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுக்கு ஒரு ஃபோல்டர். மதர்போர்டும் தன்ட மெமறியில யாரை முதல்ல கூப்பிடுற என்டு ஒரு பட்டியல் வெச்சிருக்கு. லினக்ஸை அழிச்சாலும் அந்த உபுண்டு ஃபோல்டரும் இந்தப் பட்டியலும் அப்படியே கிடக்கும், கொழும்பு போர்டைக் கழட்டாம கல்முனைக்கு ஓடுற பஸ் மாதிரி. இன்னொண்டு, கடைக்காரங்க சி டிரைவை ஃபோமட் அடிச்சி விண்டோஸ் திரும்பப் போட்டாலும் அந்த உபுண்டு ஃபோல்டர் போகாது, ஏனென்டா அது சி டிரைவுக்குள்ள இல்லவே இல்ல! அப்ப புள்ளையிட ஃபைலை அழிச்சி என்ன லாபம்?

எடுக்கிற வழி இப்படி. முதல்ல பயோஸ் என்ட மதர்போர்டு செட்டிங்குக்குள்ள போய் விண்டோஸ் பூட் மெனேஜரை மேலுக்குத் தூக்கி வெக்கணும், கனபேருக்கு இதோடயே வேலை முடிஞ்சிரும். முழுசாத் துடைக்கணும் என்டா விண்டோஸுல கொமாண்ட் ப்ரொம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து, மவுண்ட்வொல் கட்டளையால அந்த ஒளிச்ச பார்ட்டிஷனுக்கு சி, டி மாதிரி ஒரு எழுத்துக் குடுத்து, உள்ளுக்க இருக்கிற உபுண்டு ஃபோல்டரை மட்டும் அழிக்கணும். மைக்ரோசொஃப்ட் ஃபோல்டர், பூட் ஃபோல்டர் ரெண்டுலயும் கை வெக்கப்படாது, வெச்சா விண்டோஸும் போயிரும். மறுகா பிசிடிஎடிட் கட்டளையால மதர்போர்டு வெச்சிருக்கிற அந்த ஃபேர்ம்வெயார் பட்டியலை எடுத்துப் பாத்து, உபுண்டு என்டு இருக்கிற வரிக்குரிய நீட்டு இலக்கத்தைக் குடுத்து அதையும் டிலீட் பண்ணலாம். ஈஎஃப்ஐ இல்லாத பழைய பயோஸ் மெசினுக்கு இதெல்லாம் இல்ல, விண்டோஸ் யூஎஸ்பியால பூட் பண்ணி பூட்ரெக் கட்டளையால எம்பிஆரை, அதாவது டிஸ்க்குட தொடக்கத்துல இருக்கிற பூட் பகுதியைத் திருப்பி எழுதினாச் சரி.

ஒண்டு மட்டும் கவனம். டிஸ்க்கைப் பூட்டி வெக்கிற பிட்லொக்கர் போட்ட லெப்டொப்புல பூட் செட்டிங்கை மாத்தினா 48 இலக்க ரிக்கவரி கீ கேக்கலாம், அது மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டுல இருக்கா என்டு பாத்து எழுதி வெச்சிட்டுத்தான் தொடங்கணும். கீ இல்லாமப் போனா அதுக்குப் பிறகு ஒருத்தராலயும் ஒண்டும் செய்யேலா.

எல்லாக் கடையையும் நான் குத்தம் சொல்லல்ல, பொறுமையா இருந்து பாக்கிற பொடியன்மாரும் நம்மட ஊர்ல இருக்காங்க. ஆனா ஃபோமட் என்டு வாய் திறக்க முன்ன அந்த எஃப்12 பட்டியலை கஸ்டமருக்கு முன்னாலயே ஒருக்கா எடுத்துக் காட்டுங்க என்டுதான் கேக்குறன். ஐயா, உங்கட பேப்பர்ல கொம்பியூட்டர் பக்கம் போடுற நாளையில அந்தக் கட்டளைகளை எழுத்துப் பிசகாம ஒரு சின்னப் பெட்டியில போட்டா, வெட்டி வெச்சிக்கிட்டு கடைக்குப் போகலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு