ஃபிளாஷ் நிலைக் குறிப்புகளின் ஆயுள்: டீபக்கர் மென்பொருள் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். சிப்பில் ஓடும் நிரலை நிறுத்திச் சோதிக்கவும், அதில் நிரலை எழுதவும் உதவுவது டீபக்கர். மின்சாரம் நின்றாலும் தரவை இழக்காத ஃபிளாஷ் நினைவகத்தின் எந்த செக்டர் (ஒருசேர அழிக்கப்படும் பகுதி) காலியாக உள்ளது, எது எழுத முடியாதபடி பூட்டப்பட்டுள்ளது என்பதை ஒருமுறை சிப்பிலிருந்து படித்து, உங்கள் மென்பொருள் தன்னிடமே குறித்துவைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் முழு நினைவகத்தையும் படிப்பது நேரம் பிடிக்கும் என்பதால் அதில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் குறிப்பு எதுவரை செல்லும் என்பதே என் கேள்வி.

சிப் உங்கள் கட்டுப்பாட்டில் நின்றிருக்கும் வரைதான் அதை நம்பலாம். பயனரின் நிரல் ஓடத் தொடங்கிவிட்டால், பூட்லோடர் (சிப் இயங்கத் தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) புதிய ஃபர்ம்வேரை, அதாவது சிப்பை இயக்கும் நிரலை, எழுதக்கூடும். அமைப்புத் தரவுகளைச் சேமிக்கும் நிரல்பகுதி ஒரு செக்டரை அழித்துவிட்டு அடுத்ததற்கு நகரக்கூடும். இவை எதையும் சிப் டீபக்கருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. பழைய குறிப்பை நம்பி, காலியாக இல்லாத செக்டரை அழிக்காமலே எழுதினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் அறிவீர்கள்: நார் என்ற பொதுவான ஃபிளாஷ் வகையில் எழுதுதல் 1-ஐ 0 ஆக்குமே தவிர 0-ஐ 1 ஆக்காது என்பதால், பழையதிலும் புதியதிலும் 1 ஆக இருந்த பிட்டுகள் மட்டுமே 1 ஆக எஞ்சும். (அழித்த இடம் வழக்கமாக 1 ஆகப் படிக்கப்படும்; எஸ்டிஎம்32எல்1 என்ற சிப் வரிசையிலோ 0 ஆகவே படிக்கப்படும், காலியா என்று சோதிக்கும் நிரல் இதையும் அறிந்திருக்க வேண்டும்.)

பூட்டு நிலை இன்னும் சிக்கலானது. எஸ்டிஎம்32எஃப்1 சிப்புகளில் எந்த செக்டர் பூட்டப்பட வேண்டும் என்பதைக் குறிக்கும் பாதுகாப்பு பிட்டுகளை மாற்றி எழுதினாலும் ரீசெட் ஆன பிறகே அவை நடைமுறைக்கு வருகின்றன. எழுதி முடித்த கையோடு 'பூட்டப்பட்டது' என்று குறித்துக்கொள்ளும் மென்பொருள், இன்னும் நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் காட்டுகிறது.

ஆகவே, பயனரின் நிரலை ஓடவிடும்போதும், ரீசெட்டின்போதும், இணைப்பு அறும்போதும், அழித்தல் பாதியில் நிற்கும்போதும், தொடர்புடைய குறிப்புகளைத் 'தெரியாது' என்று மாற்றுங்கள். ஓப்பன்ஓசிடி என்ற திறந்த மூல டீபக்கர் மென்பொருள் ஒவ்வொரு செக்டரைப் பற்றியும் வைத்திருக்கும் தரவமைப்பில் அழிந்தது, அழியாதது என்பவற்றோடு அறியப்படாதது என்ற நிலைக்கும் இடமுண்டு. இடம் இருந்தால் போதாது, அதற்குத் திரும்பும் வழியும் நிரலில் இருக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு தேவைப்படும்: ஃபிளாஷில் எழுதுவதற்காக நீங்களே ரேமில் ஏற்றி ஓட்டும் சிறு நிரலையும் பயனரின் நிரலாகக் கருதினால், ஒவ்வொரு எழுதுதலும் தன் குறிப்பையே அழித்துவிடும்.

தன் ஃபிளாஷின் ஒரு செக்டரில் தானே எழுதும் சிறு நிரல் ஒன்றை உங்கள் சோதனைத் தொகுப்பில் சேர்த்து, அதை ஓடவிட்டு நிறுத்திய பின் அந்த செக்டரை டீபக்கர் இன்னும் காலி என்று சொல்கிறதா என்று ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளை நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு ஃபர்ம்வேர் பொறியாளர்