கேள்வித்தாளுக்குள் அடங்காத பெருமூச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

2009 இல் போர் முடிந்த கையோடு யாழ். மாவட்டத்தில் நடந்த உளநல ஆய்வொன்று, மனவடு நோய் (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் உளநோய், PTSD) 7 வீதம், பதகளிப்பு 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம் என்றது. 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களிடம் இரு தசாப்தங்களின் பின் புத்தளத்தில் எடுத்த கணக்கில் மனவடு நோய் 2.4 வீதம்தான், காரணம் பிடிபடாத உடல் உபாதைகளோ 14 வீதம். இவற்றை அருகருகே வைத்து, எந்த இனத்துக்கு வலி கூட என்று சிலர் பேசுவது வேதனை தருகிறது. காலம் வேறு, கேட்ட விதம் வேறு.

நானும் வன்னியில் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனவள். "கெட்ட கனவு வாறதோ அம்மா?" என்று கேட்டேன். "இல்லை மோனை, கனவிலை பெடியன் வாறான், அது சந்தோசம்தானே" என்றா, காணாமற்போன மகனின் தாய். பிறகு நெடுநேரம் பெருமூச்சு. தாளில் 'இல்லை' என்றுதான் அடையாளமிட்டேன். இன்னொரு வீட்டில் "எனக்கொரு குறையுமில்லை" என்றார் கணவர். பின்னால் நின்ற மனைவி போத்தலைச் சாடை காட்டினா. அதற்குத் தாளில் இடமே இல்லை.

பெண்களைத் தனியே, பெண்களே கேட்க வேண்டும். ஆண்களிடம் குடியைப் பற்றியும், எல்லோரிடமும் நெஞ்செரிவு, உடல் உளைவு பற்றியும் கேளுங்கள். போர் நடந்த பகுதியை அண்டிய எல்லைக் கிராமத்துச் சிங்களத் தாய்மாரிடமும் அவர்களின் பேச்சுமொழியிலேயே கேட்க வேண்டும். அடுத்த கணக்கெடுப்புக்கு முன் சுகாதார அமைச்சு இதைக் கவனிக்குமா?

ஒரு வாசகி,
வவுனியா