வெள்ளிக்கிழமை வேதபாடம்: வருகை முன்னா, பின்னா?

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

இயேசு இன்ன நாளில் திரும்பி வருவார் என்று நேற்றிரவு குழுவில் வந்த ‘வருகைத் தேதி’ வீடியோவை நீக்கிவிட்டேன். அனுப்பியவர் வருத்தப்பட வேண்டாம், நானும் ஒரு காலத்தில் இப்படி அனுப்பியவன்தான். 1844 அக்டோபர் 22 என்று அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரை நம்பியவர்கள் காத்திருந்தார்கள். 2011 மே 21 என்று வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் சொன்னார். இரண்டு நாளும் வழக்கம்போல விடிந்து சாய்ந்தன. அந்த நாளைப் பிதா ஒருவரைத் தவிர யாரும் அறியார்கள் என்கிற மத்தேயு 24:36 நமக்குப் போதாதா?

தேதி குறிப்பது வேறு, எது முன் எது பின் என்று ஆராய்வது வேறு. இந்த வெள்ளி அதைத்தான் பார்க்கப் போகிறோம். கடைசி நாட்களின் பெருந்துன்பமான உபத்திரவ காலத்துக்கு முன்பே சபை, அதாவது விசுவாசிகள், கர்த்தரிடம் எடுத்துக்கொள்ளப்படும் என்று நம்மில் பலர் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். அந்தப் போதனை பரவியது 19ஆம் நூற்றாண்டில், வேதபோதகர் ஜான் நெல்சன் டார்பி காலத்திலிருந்துதான். அதற்கு ஆதாரமாகக் காட்டுவது, மேகங்களில் எடுத்துக்கொள்ளப்பட்டு கர்த்தரைச் சந்திப்போம் என்கிற 1 தெசலோனிக்கேயர் 4:17. உபத்திரவத்தைக் கடந்துதான் கர்த்தரைச் சந்திப்போம் என்பவர்களும் அதே வசனத்தைக் காட்டுகிறார்கள்! வெளிப்படுத்தின விசேஷம் 20இல் வரும் கிறிஸ்துவின் ஆயிரம் வருஷ அரசாட்சியை, பழங்காலச் சபைப் பிதாவான அகுஸ்தீன் இப்போதைய சபையின் காலம் என்றே எடுத்துக்கொண்டார். லுத்தரன் சபையிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எனக்கு முதல் கருத்தில் முழுத் திருப்தி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவு 7.30, வழக்கமான அங் மோ கியோ வீடு. வேதாகமம் கொண்டு வாருங்கள், கைப்பேசியில் பார்த்தாலும் சரி. சாப்பிடுகிறவர்கள் புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். போன முறை பிரியாணி பற்றவில்லை.