கரையில் நின்றவரும் கட்டுமரத்தில் போனவரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அழகையும் உன்னதத்தையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பூவும் புல்வெளியும் தருவது அழகு, கொந்தளிக்கும் கடல் தருவது உன்னதம், அது மனிதர் எல்லாருக்கும் பொதுவான உணர்ச்சி என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அந்த ‘எல்லாருக்கும்’தான் எனக்கு இடிக்கிறது.

நான் நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் குடும்பம். அப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். சாயங்காலம் வெளியூர்க்காரர்கள் கரைக்கு வந்து அலையைப் பார்த்து வாய்பிளந்து நிற்பார்கள். அப்பா வலையில் கிழிந்த கண்ணியிலிருந்து பார்வையை எடுக்காமலே, “வேற வேலை இல்ல போல” என்பார்.

அழகையும் உன்னதத்தையும் பற்றி எழுதிய சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1757-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: ஆபத்து மிக நெருங்கிவிட்டால் அது வெறும் பயங்கரம், கொஞ்சம் தள்ளி இருந்தால்தான் அதில் ஒரு கிளர்ச்சி. ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டும் பத்திரமான இடத்தில் நிற்பவனைப் பற்றித்தான் பேசுகிறார். கட்டுரை இந்த நிபந்தனையை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது. 2004 டிசம்பர் 26 காலையில் நான் ஓடிய ஓட்டத்தில் உன்னதம் எதுவும் தட்டுப்படவில்லை. தண்ணீர் கறுப்பாக வந்தது, அதுதான் ஞாபகம்.

கான்ட் 1790-இல் வெளியிட்ட நூலில் ஒரு சவாய் நாட்டு விவசாயி வருகிறார். ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக்காரர். பனிமலையை ரசிக்க வருகிறவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று அவர் சொன்னதாக, அங்கே ஏறி ஆராய்ந்த அறிவியலாளர் சொசூர் எழுதிவைத்ததை எடுத்துக்காட்டி, பண்படாத மனதுக்கு இவை வெறும் பயமாகத்தான் தெரியும் என்கிறார் கான்ட். சொசூர் வெறும் பொழுதுபோக்குக்காக மலையேறியிருந்தால் விவசாயி சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்று ஒரு சலுகையும் தருகிறார். சரி, பெரிய மனசு. ஆனால் தன் ஊரைவிட்டு அதிக தூரம் போகாத, ஆல்ப்ஸைக் கண்ணாலும் பார்க்காத மனிதர் கான்ட். அந்த விவசாயியின் பனிச்சரிவும் என் அப்பாவின் கடலும் ஒரே சாதி.

அதற்காக அப்பாவுக்கு வியப்பே கிடையாது என்று சொல்லமாட்டேன். உணர்ச்சிகளைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அச்சம் வேறு, மருட்கை என்ற வியப்பு வேறு. பர்க் அச்சத்தையே உன்னதத்துக்கு வேராக வைத்தார். தொல்காப்பியர் மருட்கைக்குச் சொன்ன நான்கு காரணங்களில் புதுமை, பெருமை, ஆக்கம் ஆகியவற்றோடு சிறுமையும் உண்டு. மிகமிகச் சிறியதும் ஓரளவு உன்னதம்தான் என்று பர்க்கும் ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார், அதையும் சொல்லிவிட வேண்டும். கட்டுரையில் சிறுமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். அமாவாசையை ஒட்டிய ஒரு ராத்திரி அப்பாவோடு போயிருந்தேன். துடுப்பு விழுந்த இடமெல்லாம் தண்ணீர் நீலமாகப் பற்றிக்கொண்டது. ஊசிமுனை அளவு உயிர்கள் அசைக்கப்பட்டால் ஒளிவிடும் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. “கையை விட்டுப் பாருடா” என்றார். விட்டேன். விரல் இடுக்கில் பொறி பொறியாக ஓடி, கையை வெளியே எடுத்த பிறகும் மணிக்கட்டில் இரண்டு ஒட்டிக்கொண்டு மின்னின. அப்பா வலையை இழுக்காமல் துடுப்பை மெதுவாகத் தண்ணீரில் விடுவதும் எடுப்பதுமாக இருந்தார். எனக்குக் காட்டத்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அவர் என் பக்கமே பார்க்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்