ஜாமீன் கிடைச்சும் உள்ளேயே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நம்ம நாட்டு ஜெயில்ல இருக்கிறவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பேர் இன்னும் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிங்க. சீக்கிரம் விசாரிக்கணும், அது அடிப்படை உரிமைன்னு 1979லயே ஹுசைனாரா காத்தூன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ஆனா இன்னைக்கும் வாய்தா மேல வாய்தாதான்.

கோர்ட் வராண்டால ஒரு அம்மாவைப் பார்த்தேன், மகனுக்கு ஜாமீன் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சாம், ஆனா சொத்து வரி ரசீதோட வந்து ஜாமீன்தாரரா கையெழுத்துப் போட ரெண்டு பேர் கிடைக்கல, ஆர்டர் காப்பிய நாலா மடிச்சு மஞ்சப்பையில வச்சுக்கிட்டு போற வர்ற வக்கீல் முகத்தையெல்லாம் பார்த்துட்டே உக்காந்திருந்தாங்க.

2024 ஜூலை 1ல அமலுக்கு வந்த பிஎன்எஸ்எஸ்ங்கிற புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 479வது பிரிவுல, இதுக்கு முன்னாடி எந்தக் கேஸுலயும் தண்டனை வாங்காதவங்க அதிகபட்ச தண்டனைல மூணுல ஒரு பங்கு காலம் உள்ள இருந்துட்டா பத்திரம் எழுதி வாங்கிட்டு வெளிய விட்டுடணும் (தூக்கு, ஆயுள் கேஸுக்கு இல்ல), மனு போட வேண்டியது ஜெயில் சூப்பிரண்டு. நல்ல விஷயம்தான். ஆனா ஒரே ஆள் மேல இன்னொரு கேஸ் நிலுவைல இருந்தா இது கிடையாதாம், இன்னொரு கேஸ் போடறது என்ன பெரிய வேலையா? முதல்ல அந்த ஓட்டைய அடைங்க, அப்புறம் கூலிக்காரன் கிட்ட சொத்து ரசீது கேக்குறத நிறுத்துங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்