ஒரு நாள் குறைய ஒரு வருஷம்

செயின்ட் லூயிஸ், மிசௌரி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நீ சுவரைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் பாதி பாரம் இறங்கியது. டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே மகள், மருமகன், பேரன் எல்லோரும் சௌக்கியம். பேரனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "பாட்டி" என்று கூப்பிட்டால் இப்போது காற்றும் சேர்ந்து வருகிறது.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பெரியவர். குளிர்காலத்தில் நம் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போவாரே, அவர்தான். எழுபத்தெட்டு வயது. அவருடைய பழைய ராணுவச் சான்றிதழ் ஒன்றைத் திருத்துவதற்காக ஒன்றரை வருஷம் அலைந்தோம். போன செவ்வாய்க்கிழமைதான் முடிந்தது. முப்பது வருஷம் பத்திரப்பதிவு ஆபீஸில் உட்கார்ந்தவள் நீ. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அவரை 1967 செப்டம்பரில் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷக் கணக்கு. அதில் 1968 மே மாதத்திலிருந்து மறு மே வரை வியட்நாமில் லாரி ஓட்டினார். சைகோனுக்குப் பக்கத்தில் லாங் பின் என்று பெரிய ராணுவத் தளம் இருந்தது. அங்கிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வெளி முகாம்களுக்குப் போவது வேலை. அந்தச் சாலைகளில் எங்கே கண்ணிவெடி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் போன வண்டி போன தடத்திலேயே சக்கரத்தை விட வேண்டும் என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் பேச மாட்டார்.

இது எல்லாம் அவர் வாய்வழியாக நான் கேட்டது. அவர் கையில் இருந்த காகிதத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

அந்தக் காகிதத்துக்குப் பெயர் டிடி 214. நமக்கு டிடி என்றால் பேங்க் டிராஃப்ட். இங்கே படையிலிருந்து விடுவிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் சான்றிதழ் அது. 1950-லிருந்து இந்தப் பெயரில் இருக்கிறது. வீட்டுக் கடன், மருத்துவம், உதவித்தொகை, கடைசியில் சவப்பெட்டியின் மேல் போர்த்தும் தேசியக் கொடி வரைக்கும் முதலில் கேட்பது இதைத்தான். நம் ஊரில் மூலப் பத்திரம் மாதிரி.

அவருடையது ஒரு கார்பன் நகல். நான்காக மடித்து மடித்து மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது. 22-ம் கட்டத்தில் வெளிநாட்டுச் சேவை எவ்வளவு நாள் என்று எழுத ஓர் இடம் உண்டு. அதில் ஒன்றுமே அடிக்கவில்லை. 24-ம் கட்டம் பதக்கங்களுக்கு. அந்தக் காலத்தில் படையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்த தேசப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம் மட்டும் இருந்தது. காகிதத்தை நம்பினால் இந்த மனிதர் அமெரிக்காவை விட்டு வெளியே காலே வைக்கவில்லை.

எப்படி நடந்தது என்று கேட்டேன். வியட்நாமிலிருந்து திரும்பும்போது சேவைக்காலம் 150 நாளோ அதற்குக் குறைவோ பாக்கி இருந்தால் மிச்சத்தைத் தள்ளுபடி செய்து உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். இவருக்கு நாலு மாதம்தான் பாக்கி. மேற்குக் கரையில் ஒரு முகாமில் விமானத்திலிருந்து இறக்கி, புது யூனிஃபார்ம் கொடுத்து, சாப்பாடு போட்டு, ஒரே நாளில் வரிசையில் நிற்கவைத்து அனுப்பியிருக்கிறார்கள். தட்டச்சு செய்தவர் முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள். "என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள், போட்டேன்" என்றார். இருபத்திரண்டு வயதுகூட ஆகாத பையன் வேறு என்ன செய்வான்?

ஐம்பது வருஷத்துக்கு மேல் அது மேஜை டிராயரில் கிடந்தது. தேவை வந்தது சர்க்கரை நோயால். வியட்நாம் காடுகளில் இலைகளை உதிர்க்க ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற ரசாயனத்தைத் தெளித்தார்கள் அல்லவா? 1991-ல் அதற்காக ஒரு சட்டம் போட்டார்கள். 1962 ஜனவரி 9-லிருந்து 1975 மே 7 வரைக்குள் வியட்நாம் மண்ணில் காலை வைத்தவர் என்றால் அந்த ரசாயனம் அவர்மேல் பட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள், தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவருக்குப் பிற்காலத்தில் வந்த டைப் 2 சர்க்கரை, இதயக் குழாய் அடைப்பு, பார்க்கின்சன், சில புற்றுநோய்கள் எல்லாம் ராணுவச் சேவையால் வந்தவை என்று கணக்கு. 2022-ல் வந்த சட்டத்தில் ரத்தக் கொதிப்பையும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அங்கே இருந்தார் என்பதற்குக் காகிதம் வேண்டும். அவருடைய காகிதம் இல்லை என்கிறது.

அவருக்கு இதில் விருப்பமே இல்லை. "பதக்கமெல்லாம் திரும்பி வராதவர்களுக்கு. நான் ஸ்டியரிங் பிடித்தவன்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். பிடிவாதமாக நின்றது அவர் மனைவி. அந்தச் சேவையால் வந்த நோயில் கணவர் இறந்தால் மனைவிக்கு மாதாமாதம் ஒரு தொகை உண்டு. அந்த அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. "நான் ஒரு வருஷம் தபால்காரனுக்காக வாசலில் நின்றேன். அந்த வருஷம் நடக்கவே இல்லை என்று ஒரு காகிதம் சொல்லலாமா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்றைக்கே நானும் இறங்கிவிட்டேன்.

இந்த நாட்டின் பழைய ராணுவப் பணியாளர் கோப்புகளை வைத்திருக்கும் ஆவண மையம் எங்கள் ஊரிலேயேதான் இருக்கிறது. காரில் அரை மணி நேரம். ஆனாலும் அவர் காலத்துக் கோப்புக்கு விண்ணப்பம் எழுதித்தான் அனுப்ப வேண்டும். ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 180 என்று ஒரு தாள். அங்கே ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். சான்றிதழின் நகல் கேட்டால் அதே குறையோடு அதே காகிதம்தான் வரும். முழுக் கோப்பும் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

அனுப்பிவிட்டு அவர் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். "எரிந்து போயிருந்தால்?" என்றார். அப்போதுதான் அந்தக் கதை தெரிந்தது. 1973 ஜூலை 12, நள்ளிரவு தாண்டி, இந்த மையம் அப்போது இருந்த ஓவர்லேண்ட் பகுதிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. முழுக்க அணைக்க நாலு நாளுக்கு மேல் ஆனது. ஒரு கோடியே அறுபது லட்சத்திலிருந்து ஒரு கோடியே எண்பது லட்சம் கோப்புகள் போயின. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி முதல் தேதி வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேரின் கோப்பு சாம்பல். நகல் எடுத்து வைக்கவில்லை, அட்டவணைகூட இல்லை. எவை எரிந்தன என்று பட்டியல் போடவும் வழியில்லாமல் போயிற்று. நனைந்து பிழைத்த கட்டுகளை ஒரு விமானக் கம்பெனியின் வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினார்களாம்.

பெரியவர் கோப்புக்கு இதில் ஆபத்தில்லை, அவர் 1969-ல் விடுபட்டவர். ஆனால் அவரைவிடப் பதினாறு வயது மூத்த அண்ணன் கொரியாவில் போர் செய்து 1953-ல் திரும்பியவர். அவர் கோப்பு எரிந்த கூட்டத்தில் அகப்பட்டது. அண்ணன் இருந்தபோது கேட்டு வாங்கிய நகலை எனக்குக் காட்டினார். ஒரே தாள். கரிந்த விளிம்பு நகலில் கறுப்பு அலை மாதிரி விழுந்திருக்கிறது. அந்த அலைக்கு மேலே பாதிப் பெயர். கீழே ஒன்றுமில்லை.

நீ சந்தோஷப்படும் இடம் இதுதான். அண்ணனைக் காப்பாற்றியது பதிவு அலுவலகம். போரிலிருந்து வந்தவர்கள் சான்றிதழைத் தங்கள் மாவட்டக் கோர்ட்டில் இருக்கும் பதிவாளரிடம் பதிந்து வைக்கலாம் என்று அப்போது வழக்கம் இருந்தது. அவர்கள் அப்பா விவசாயி. மகனைக் கூட்டிக்கொண்டு போய், நிலப் பத்திரம் பதிகிற அதே மேஜையில் இதையும் பதிந்து வைத்திருக்கிறார். செயின்ட் லூயிஸில் எல்லாம் எரிந்த பிறகும் அந்தக் கிராமத்துப் பேரேட்டில் கொரியாச் சேவைப் பதக்கத்தோடு முழுப் பக்கமும் இருந்தது. உன்னிடம் வந்து நகல் மனு போட்டு, பழைய பாகத்தைத் தூசி தட்டி எடுத்துக் கொடுக்கும்போது அழுதுவிட்டார் என்று ஒரு கிழவரைப் பற்றி எழுதினாயே, அவரை நினைத்துக்கொண்டேன்.

சரி, நம் கோப்பு வந்தது. தடித்த உறை. நடுவில் டிஏ ஃபார்ம் 20 என்று ஒரு மஞ்சள் அட்டையின் நகல். சிப்பாய் போகும் இடமெல்லாம் அவர் கூடவே போகும் பதிவு அட்டை. அதில் 31-ம் கட்டத்தில், பேனாவால், சாய்ந்த கையெழுத்தில் இருந்தது: வியட்நாம், 1968 மே 12 முதல் 1969 மே 10 வரை. 38-ம் கட்டத்தில் எந்தப் படைப்பிரிவு, என்ன வேலை, எந்தத் தேதி எல்லாம் வரிசையாக. யாரோ ஒரு எழுத்தர் அங்கே கொட்டகையில் உட்கார்ந்து ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அப்புறம் எங்கள் சமையலறை மேஜையில் தேதிக் கணக்கு. வியட்நாம் சேவைப் பதக்கம் 1965-ல் ஏற்படுத்தியது. அந்தப் போரைத் தரைப்படை பதினேழு கட்டங்களாகப் பிரித்திருக்கிறது. எத்தனை கட்டத்தில் இருந்தாரோ, பதக்கத்தின் நாடாவில் அத்தனை வெண்கல நட்சத்திரம். ஐந்து சேர்ந்தால் ஒரு வெள்ளி நட்சத்திரம். இவர் போனபோது ஒரு கட்டம் நடந்துகொண்டிருந்தது, அது ஜூன் 30-ல் முடிகிறது. அடுத்தது நவம்பர் முதல் தேதி வரை. அதற்கடுத்தது பிப்ரவரி 22 வரை. அப்புறம் 1969 டெட் பண்டிகை (வியட்நாம் புத்தாண்டு) சமயத்துக் கட்டம், அதன் நடுவில் ஊருக்கு வந்துவிட்டார். ஆக நாலு. பேரன் நாலு நட்சத்திரம் வரைந்து கொடுத்தான். பெரியவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆறு மாதத்துக்கு மேல் இருந்ததால் தென் வியட்நாம் அரசின் போர்ப் பதக்கமும் உண்டு. அந்த அரசு கொடுத்த வீரச் சிலுவை என்ற கௌரவமும் இருந்தது. தனி ஆளுக்கு இல்லை, மொத்தப் படைப்பிரிவுக்கும். வியட்நாமில் இருந்த தரைப்படைப் பிரிவுகளுக்கெல்லாம் அது உரியது என்று ராணுவம் உத்தரவு போட்டது 1974-ல். இவர் வீடு திரும்பி ஐந்து வருஷம் கழித்து! தட்டச்சு செய்தவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் இதை அடித்திருக்க முடியாது. இப்படித் தங்களுக்கு உரியது என்றே தெரியாமல் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேரோ.

திருத்தத்துக்கு இரண்டு வழி. ஆதாரம் கோப்பிலேயே தெளிவாக இருந்தால் நிர்வாகமே சரி செய்துவிடும். இல்லாவிட்டால் டிடி 149 என்ற மனுவோடு திருத்த வாரியத்துக்குப் போக வேண்டும். தவறு தெரிந்து மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும் என்று சட்டம், நியாயம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். 1946-க்கு முன்னால் ஒருவருக்காகத் தனியாக நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்து திருத்தினார்களாம். அது சமாளிக்க முடியாமல்தான் இந்த வாரியங்களை அமைத்தார்கள். வாரியத்தில் அரசு ஆவணம் சரி என்றுதான் ஆரம்பிப்பார்கள். தவறு என்று காட்டுவது சிப்பாயின் வேலை. ஐம்பது வருஷம் கழித்து ஒரு கிழவர் எங்கே போய்ச் சாட்சி தேடுவார்? எனக்கு இது மனசு ஒப்பவில்லை. நல்லவேளை, நமக்கு அந்த மஞ்சள் அட்டை கிடைத்தது. வாரியம் வரை போகவில்லை.

ஆனாலும் பயத்தில் கூடுதல் ஆதாரம் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அந்த அம்மா பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் அங்கிருந்து எழுதிய கடிதங்கள், தேதி வாரியாக, நூல் போட்டுக் கட்டியவை. ஒன்றிலும் தபால்தலை இல்லை. அந்த மூலையில் பேனாவால் "ஃப்ரீ" என்று எழுதியிருந்தது. போர்க்களத்திலிருந்து எழுதுகிறவருக்குத் தபால் இலவசம். முதல் கடிதத்தில் அந்த வார்த்தை அழகாக, தலைப்பு மாதிரி எழுதியிருக்கிறது. குளிர்காலம் வரும்போது வெறும் கிறுக்கல். உறையின் மடிப்பைப் பிரித்தபோது செம்மண் தூள் விரலில் ஒட்டியது. அந்த அம்மா அதைத் துடைக்கவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது டிடி 215. பழைய சான்றிதழை அடித்துத் திருத்த மாட்டார்கள், அது அப்படியே இருக்கும். இன்னொரு தாளில் எந்தக் கட்டத்தில் எதைச் சேர்க்க வேண்டும் என்று எழுதித் தருவார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். உன் பிழைதிருத்தல் பத்திரமேதான்! 24-ம் கட்டத்தில் சேர்க்க என்று போட்டு பதக்கங்கள், நாலு நட்சத்திரத்தோடு. பெரியவர் அதைப் படிக்கவில்லை. விரலை வைத்துத் தேடி 22-ம் கட்டத்துக்குப் போனார். வெளிநாட்டுச் சேவை: 11 மாதம், 29 நாள்.

"ஒரு நாள் குறைய ஒரு வருஷம்" என்றார். "நான் அங்கே நாள்காட்டியில் அடித்து அடித்து எண்ணினேன். என் எண்ணிக்கையும் இதுதான்."

அந்த அம்மா இரண்டு தாளையும் ஒரே உறையில் போட்டு டின்னுக்குள் வைத்து மூடினார். உதவித்தொகை மனு இனிமேல்தான் போட வேண்டும். அடுத்த வாரம் உட்காருகிறோம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் இருந்து பர்மாவில் பாலம் கட்டிய கதையை ஹாஸ்டல் லீவில் உங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறோம். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் தகரப் பெட்டியில் இருந்ததே, பரண்மேல் இன்னும் இருக்கிறதா? பர்மா என்று அதில் எழுதியிருக்கிறதா, பதக்கம் எதுவும் போட்டிருக்கிறதா என்று பார். நீ ஏற வேண்டாம், உன் மருமகளை ஏறச் சொல். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. கறையான் பிடித்த பக்கத்தையும் விடாதே.

உன் அன்புத் தோழி